விளிம்பில் ஒரு சில்லு

நூறு ஜாடி வேண்டும். பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. ஜூராவின் நிலவறையில் இருந்த ஒரு லிட்டர் ஜாடிகள் பதினொன்று.

மூன்று லிட்டர் ஜாடிகள் சுவரோரமாக வரிசைகட்டி நின்றன. வெள்ளரிக்காய்க்கும் தக்காளிக்கும் அவை போதும். ஆனால் ஏரிக்கரை விடுதிக்காரி எல்மிரா கேட்டது ஒரு லிட்டர் ஜாடி. "அந்தப் பெரிய ஜாடியைக் கொண்டாந்து மேஜையில வெச்சா, விருந்தாளி இது ஜாமா, குளிக்கிற தொட்டியான்னு கேப்பான்" என்று சொல்லிவிட்டாள்.

எல்மிரா ஜூன் மாதம் பள்ளிக்கூட விழாவுக்கு வந்தவள். பள்ளிச் சமையல்காரி ஜூரா டீயோடு வைத்த முழுப் பாதாமிப் பழம், அதாவது ஆப்ரிகாட், போட்ட ஜாமை ஒரு கரண்டி சாப்பிட்டாள். மறு கரண்டிக்கு ஜாடியையே இழுத்துக்கொண்டாள். கொட்டையை எடுத்து, உடைத்து, உள்ளே இருக்கிற பருப்பை மட்டும் திரும்பப் பழத்துக்குள் வைத்துப் பாகில் போடுகிற ஜாம் அது. பட்டணத்துக்காரிக்குப் புதிது.

"ஆகஸ்ட் முதல் ஞாயிறுக்குள்ள நூறு ஜாடி குடு. நல்லா இருந்தா வருஷா வருஷம் உன்கிட்டதான்."

ஜூரா அன்று வீட்டுக்கு ஓடிவந்து கணவன் கெமெலிடம் சொன்ன முதல் வார்த்தை, "நீங்க இந்த வருஷம் போக வேணாம்."

கெமெல் போன வருஷம் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து, முதுகில் பட்டை கட்டிக்கொண்டு திரும்பியவன். இப்போதும் செருப்பு மாட்டக் குனிந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வான். ஆகஸ்ட் பத்தாம் தேதி எங்கள் ஊரிலிருந்து ஆறு பேர் கொண்ட கோஷ்டி மறுபடி கிளம்புகிறது. மேஸ்திரி கெமெலுக்கும் இடம் வைத்திருந்தான். ஜூரா போன் போட்டு, "அவரு வரல. எங்க பாதாமி மரம் சம்பாதிக்கப் போகுது" என்றாள். மேஸ்திரி சிரித்தான். "மரம் சம்பாதிச்சா சந்தோஷம் அக்கா. ஆனா நாங்க கிளம்புற வரைக்கும் இடம் இருக்கு."

இப்போது மரம் தயார். மஞ்சளும் சிவப்புமாகப் பழம் தொங்குகிறது. ஜாடிதான் இல்லை.

ஜூரா நிலவறையிலிருந்து ஏறி நேராகத் தெருக்கோடிக்குப் போனாள். அங்கேதான் புருல் வீடு.

புருலும் ஜூராவும் ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. ஒரே தெருவில் வாழ்க்கைப்பட்டார்கள். இவள் வீட்டு ஜாடி அவள் வீட்டுக்குப் போகும், அவள் வீட்டு ஜாடி இவள் வீட்டுக்கு வரும். எங்கள் தெருவில் எல்லோர் ஜாடிக்கும் அடியில் நகப்பூச்சால் ஒரு பொட்டு இருக்கும். ஜூராவுக்குச் சிவப்பு, புருலுக்கு நீலம். ஜாடி எந்த வீட்டுக்குப் போனாலும் பொட்டைப் பார்த்துத் திரும்பி வந்துவிடும். ஆனால் காலியாக வராது. ஒரு பிடி சர்க்கரையோ, பொரித்த போர்சோக் மாவுருண்டை நாலோ உள்ளே இருக்கும். காலி ஜாடி திரும்பிப் போனதை எங்கள் தெரு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறது. அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

"அடியே, பதினொண்ணுதான் இருக்கு" என்று வாசலிலேயே கத்தினாள் ஜூரா.

புருல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மருமகள் ஜிபார் ஏழு மாத வயிற்றோடு கீழே உட்கார்ந்து கிளிப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணா? அதை வெச்சுக்கிட்டு நூறுக்கு ஒத்துக்கிட்டியா? உனக்குச் சின்ன வயசுலயே கணக்கு வராதுடி, டீச்சர் சொன்னது சரிதான்."

"நீ வா. தேடணும். நீ இல்லாம எப்படி வாங்குறது?"

புருல் கையைத் துடைத்துக்கொண்டாள். "வராம எங்க போகப்போறேன்? என் விரல்தானே உன் விரல்."

அது வெறும் பேச்சு இல்லை. பத்தொன்பது வருஷம் பள்ளி அண்டாக்களைத் தூக்கி ஜூராவின் விரல் நுனிகள் செருப்புத்தோல் மாதிரி ஆகிவிட்டன. அவள் போன்கூட அவள் விரலை அடையாளம் கண்டு திறப்பதில்லை. ஜாடி வாங்குகிறவளுக்கோ விரல்தான் முக்கியம். வாய் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சில்லு போயிருந்தாலும் மூடி சரியாக உட்காராது. காற்று புகும். மூன்றாம் வாரம் மூடி உப்பும். விரல் நுனியை விளிம்பில் சுற்றி ஓட்டினால் சில்லு பிடிபட்டுவிடும்; ஜூராவுக்குப் பிடிபடாது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவசரத்தில் தானே பார்த்து வாங்கிய இருபது ஜாடியும் பொங்கி வழிந்து, நிலவறை முழுக்க எறும்பு. அன்றிலிருந்து புருல் விரல் படாத ஜாடியை அவள் வாங்கியதில்லை.

முதலில் கடைக்குப் போனார்கள். புது ஜாடி, மூடியோடு. விலையைக் கேட்டதும் ஜூரா ஜாடியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"உள்ளே ஜாமும் சேர்த்தா இந்த விலை?"

"காலிதான்" என்றான் கடைக்காரன்.

"அப்ப ஜாமை நாங்க சும்மா குடுக்கணும்போல."

மறுநாள் ராயா வீடு. ராயா ரஷ்யாவில், பர்னவுலில் இருக்கிற மகளிடம் நிரந்தரமாகப் போகிறாள். முற்றத்தில் சோபா, தையல் மிஷின், பனிச்சறுக்குக் கட்டைகள், அவற்றுக்குப் பக்கத்தில் நாற்பத்தாறு ஒரு லிட்டர் ஜாடி.

"எல்லாத்தையும் எடுத்துக்க, ஜூரா" என்றாள் ராயா. "என் பேரன் ரெண்டாவது தட்டு சூப்புக்கு நிக்கும்போதெல்லாம் ஊத்தினவ நீ. உனக்கு ஜாடி விலை இல்ல, டீத்தூள் விலைதான்."

புருல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள். ஆள்காட்டி விரல் விளிம்பில் ஒரு சுற்று சுற்றியது.

"சில்லு."

அடுத்தது.

"சில்லு. ... இதுவும் சில்லு. ... இது நல்லது, எடுத்து வை. ... சில்லு."

நாற்பத்தாறில் ஒன்பதுதான் தேறியது.

ராயாவுக்கு முகம் சிவந்தது. "என் ஜாடியில சில்லா? முப்பது வருஷமா இதுல அடைச்சதைத்தான் தின்னுக்கிட்டிருக்கேன், செத்தா போயிட்டேன்?"

"நீங்க சாகாததுக்கு ஜாடி காரணமில்ல ராயா அக்கா" என்றாள் புருல் கண்ணைத் திறக்காமலே. "சாவு உங்க வாசல் வரைக்கும் வருது, உங்க வாயைக் கேட்டுட்டுத் திரும்பிப் போயிடுது."

மூவரும் சிரித்தார்கள். ஜூரா ஒன்பது ஜாடியையும் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். மிச்சம் முப்பத்தேழையும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தாள். வெயிலில் அவை பளபளவென்று நின்றன.

"பார்க்க எவ்வளவு நல்லா இருக்கு" என்றாள்.

"பார்க்க நல்லா இருக்கிறதை நம்பித்தானே எறும்புக்கு விருந்து வெச்சே" என்றாள் புருல்.

தெருவில் வீடு வீடாகக் கேட்டாயிற்று. ஜூலை மாதக் கடைசியில் யாரிடம் காலி ஜாடி இருக்கும்? எல்லா வீட்டிலும் பாகு கொதிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மினி பஸ் பிடித்துக் கராகோல் பழைய சாமான் சந்தைக்குப் போனார்கள்.

சந்தையில் ஹார்சன் என்ற துங்கான் இனத்து வியாபாரி. முன்னால் நாலு மரப்பெட்டி, பெட்டிக்கு ஒரு டஜன் ஜாடி. பக்கத்தில் ஒரு துணி விரித்து மூடி முறுக்கும் சாவிகள். ஜூராவின் சாவியில் மரை தேய்ந்து போயிருந்தது. ஒன்றை எடுத்துச் சுற்றிப் பார்த்தாள்.

"எடுத்துக்கக்கா" என்றான் ஹார்சன். "இதைச் செஞ்ச நாடே போயிடுச்சு, இது போகல."

"சரி, சாவி எடுத்துக்கறேன். ஜாடி என்ன விலை?"

அவன் விலை சொன்னான். ஜூரா புருலைப் பார்த்தாள். ராயா சொன்னதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நாற்பத்தெட்டு ஜாடி! அவள் மனசுக்குள் கூட்டிக்கொண்டிருக்கும்போதே புருல் குனிந்து விரலை வைத்துவிட்டாள்.

"சில்லு."

"எங்க?" என்றான் ஹார்சன்.

"இங்க. ... இதுலயும். ... இதுலயும் பாரு."

"அக்கா, நான் தினம் நூறு பேரைப் பார்க்கிறவன். உங்க விரல்ல என்ன மைக்ராஸ்கோப்பா மாட்டியிருக்கு?"

"உன் கண்ணுல என்ன காசா மாட்டியிருக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹார்சனுக்கு ரோஷம் வந்துவிட்டது. புருல் ஒதுக்கியதில் இரண்டு ஜாடியை எடுத்து ஜூராவின் பையில் திணித்தான்.

"காசு வேணாம். வீட்டுக்குக் கொண்டு போ. வெந்நீர் ஊத்தி, மூடி முறுக்கி, பேப்பர் மேல கவுத்து வை. ஒரு சொட்டு கசிஞ்சா இங்க வந்து என் மூஞ்சியில துப்பு."

"இப்பவே துப்பிட்டுப் போறோமே, பஸ் காசு மிச்சம்" என்றாள் புருல். ஜூராவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். "வா. அவசரப்படாதே. நல்லது கிடைக்கும்."

மறுநாள் ஜூரா வெறும் வீம்புக்குத்தான் வெந்நீர் வைத்தாள். இரண்டு ஜாடியையும் நிரப்பி, புதுச் சாவியால் மூடியை முறுக்கி, செய்தித்தாளில் கவிழ்த்தாள். தாளில் ஒரு கோதுமை வயல் படம். மதியம் பார்த்தாள். சாயங்காலம் பார்த்தாள். அடுத்த நாள் காலையில் கெமெல் ஜாடியைத் தூக்கித் தாளை உதறினான். கோதுமை வயலில் ஒரு துளி ஈரம் இல்லை.

"உன் ஜாடி நல்லா இருக்கு" என்றான்.

"புருல் சில்லுன்னு சொன்னாளே."

"அப்ப புருல் விரலுக்கு வயசாயிடுச்சு. உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நல்ல விரல் இல்ல."

ஜூரா சிரித்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பாவம், துணி துவைத்துத் துவைத்து அவள் விரலும் போயிருக்கும் என்று நினைத்தாள். இதை அவளிடம் சொன்னால் மனசு சங்கடப்படுவாள். சொல்லாமல், தான் மட்டும் போய் மீதி நாற்பத்தாறையும் வாங்கி வந்துவிடலாம். புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்பினாள்.

ஹார்சன் முன்னால் பெட்டி இல்லை.

"தம்பி, துப்ப வரல" என்றாள் ஜூரா. "நீ சொன்னது சரிதான். ஜாடி எங்க?"

ஹார்சன் வாயில் போட்டிருந்த சூரியகாந்தி விதையைத் துப்பிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"உங்க மைக்ராஸ்கோப் அக்காதான் வந்து அள்ளிக்கிட்டுப் போயிடுச்சே. நீங்க வந்துட்டுப் போன மறுநாள். கார்ல, கூட ஒரு வாலிபப் பையன்."

"நீ வேற யாரையோ சொல்றே."

"பச்சை முக்காடு. கன்னத்துல மச்சம். பேரம்கூடப் பேசல. நான் கேட்டேன், என்னக்கா, இன்னிக்கு விரலை வெச்சுப் பார்க்கலியான்னு. வேணாம், எனக்குத் தெரியும்னுச்சு."

திரும்பும் பஸ்ஸில் ஜூராவின் மனம் சும்மா இருக்கவில்லை. எனக்காகத்தான் வாங்கியிருக்கிறாள் என்று ஒரு கதை கட்டியது. புருல் தன் மகன் எர்மெக்கின் காரில் போய், நாற்பத்தாறையும் வாங்கி, அவற்றைக் கழுவி அடுக்கி, "பிடி, உன் ஜாடி" என்று கொண்டு வந்து நிறுத்தப் போகிறாள். சின்ன வயசில் பென்சிலை ஒளித்து வைத்துவிட்டுக் கடைசி நிமிஷத்தில் கொடுப்பாளே, அதுபோல. ஏரி ஜன்னலோரமாக நீலமாக ஓடி வந்துகொண்டிருந்தது. இந்தக் கதையை ஏரி முடியும்வரை ஜூரா பிடித்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவள் ராயா வீட்டு வழியாக நடந்தாள். ராயா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் சோபா அப்படியே இருந்தது. ஜாடி இல்லை.

"ராயா அக்கா, அந்தச் சில்லு போன ஜாடியெல்லாம்..."

"உன்கிட்டதானே வந்துச்சு?"

ஜூரா காலி முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"புருல் வந்தாளே, அன்னிக்குச் சாயங்காலமே. ஜூராவுக்கு மனசு மாறிடுச்சு, அவளால தூக்க முடியாது, அதான் நான் வந்தேன்னு சொன்னா. உனக்குன்னுதான் அந்த விலைக்குக் குடுத்தேன்." ராயா கயிற்றைக் கீழே போட்டாள். "ஜூரா, உனக்கு வரலியா?"

"வந்துச்சு" என்றாள் ஜூரா. "வந்துச்சு, மறந்துட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் என்றால் ஆறு நாள். பென்சிலை யாரும் ஆறு நாள் ஒளித்து வைப்பதில்லை.

புருல் வீட்டு வேலியருகே வரும்போதே வாசனை அடித்தது. ஜூலையில் தெரு முழுக்கப் பாதாமி வாசனைதான், யாரும் மூக்கைத் திருப்ப மாட்டார்கள். இது அந்த வாசனை இல்லை. இதில் பருப்பின் கசப்பு லேசாகக் கலந்திருந்தது. வீட்டுச் செலவுக்கு யாரும் பருப்பு உடைத்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு வேலை விற்பனைக்குத்தான்.

கதவு திறந்திருந்தது. அடுப்பில் எனாமல் சட்டி. கெட்டில் மூக்கில் ஒரு ஜாடி கவிழ்ந்து ஆவி பிடித்துக்கொண்டிருந்தது. சுவரோரமாக ஒரு பெரிய மெத்தைப் போர்வை மேடாகக் கிடந்தது. சிவப்பும் பச்சையுமாகக் கொம்புக்கோலம் போட்ட போர்வை. எர்மெக் கல்யாணத்துக்கு ஜூரா ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்தது.

ஜூரா குனிந்து போர்வைக்குள் கையை விட்டாள். சூடாக, வரிசையாக, தலைகீழாக நின்றன ஜாடிகள். அவள் விரலுக்கும் அந்தச் சூடு தெரிந்தது.

"கையை எடு. ஆறிடும்" என்றாள் பின்னாலிருந்து புருல்.

புருல் கையில் கரண்டி. அதிலிருந்து பாகு தரையில் சொட்டியது.

"எத்தனை?" என்றாள் ஜூரா.

"நாப்பது நேத்தே எல்மிராகிட்டப் போயிடுச்சு. இது நாளைக்குப் போகும்."

"என் பேரைச் சொன்னியா?"

"சொன்னேன். ஜூராவும் நானும் ஒண்ணுதான், அவளுக்கு ஜாடி கிடைக்கலன்னேன்."

"ஜாடி கிடைக்கலியா?" ஜூரா கத்தினாள். "ஜாடி கிடைக்கலியாடி எனக்கு?"

புருல் கரண்டியைச் சட்டியில் போட்டாள்.

"கத்தாதே, ஜிபார் தூங்குறா. நீ கத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். பருப்பைத் திரும்ப உள்ள வைக்கிறதை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீதான்."

"எல்மிராகிட்ட அதைச் சொன்னியா?"

சொல்லவேண்டும் என்று ஜூராவுக்குத் தோன்றவே இல்லை.

"விடு, அதுக்காக இல்ல" என்றாள் புருல். "பத்தாம் தேதி போற கோஷ்டியில எர்மெக் பேரும் இருக்கு. தெரியுமா?"

"தெரியாது."

"எப்படித் தெரியும்? உன் புருஷன் போக வேணாம்னு தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே. என் மகன் போறானான்னு ஒரு வார்த்தை கேட்டியா? அவ வயித்துல ஏழு மாசம். அவன் போனா, புள்ள நடக்கிற அன்னிக்குத்தான் திரும்பி வருவான்."

"சொல்லியிருந்தா பாதி உனக்குக் குடுத்திருப்பேனே!"

"பாதியா?" புருல் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "அம்பது உனக்கு, அம்பது எனக்கு. அப்ப உன் புருஷனும் போவான், என் மகனும் போவான். நூறு ஜாடி ஒருத்தனைத்தான்டி நிறுத்தும்."

அடுப்பில் பாகு பொங்கி வழிய வந்தது. பழக்கத்தில் ஜூராதான் கை நீட்டித் தீயைக் குறைத்தாள்.

"சரி. உனக்கு மகன் வேணும்" என்றாள் மெதுவாக. "என் வீட்டுக்குள்ள புகுந்து பதினொண்ணையும் தூக்கிக்கிட்டுப் போயிருக்கலாம். நான் போலீஸுக்கா போகப்போறேன்? எல்மிராகிட்டப் போய் ஜூரா ஜாம்ல புழுன்னு சொல்லியிருக்கலாம். ரெண்டு நாள் அழுதுட்டு மறந்திருப்பேன். ஆனா நீ கண்ணை மூடிக்கிட்டு, என் முன்னாடி, நல்ல ஜாடியைத் தடவித் தடவி..."

போர்வையின் நுனியை இழுத்து ஜாடிகளை மூடினாள்.

"உன் விரலுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள் புருல். இப்போது அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "வேற யாரும் உன்னை அப்படி ஏமாத்தியிருக்க முடியாது."

ஜூரா வெளியே வந்தாள். பிறகு வீட்டுக்குப் போய், தன்னிடமிருந்த இருபத்திரண்டு ஜாடியையும் கழுவ ஆரம்பித்தாள். பதினொன்று தன்னுடையது, ஒன்பது ராயாவுடையது, இரண்டு ஹார்சன் ரோஷத்தில் கொடுத்தது. மரத்தடியில் பழம் விழுந்து பிளந்து கிடந்தது. குளவி மொய்த்தது. மீதிப் பழத்துக்கு ஜாடி இல்லை, கூரையில் பரப்பி உலர்த்தினாள்.

சனிக்கிழமை கெமெல் பக்கத்து வீட்டுக் காரைக் கேட்டு வாங்கி, இருபத்திரண்டையும் விடுதிக்குக் கொண்டுபோய் இறக்கினான். எல்மிராவின் சமையலறை அலமாரி நிறைய ஏற்கெனவே தங்க நிறமாக ஜாடிகள். எண்பது.

"நல்ல வேளை வந்தே" என்றாள் எல்மிரா. அலமாரியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து மேஜையில் வைத்தாள். "உன் தோழி கொண்டு வந்தது. இந்த மூடியைப் பாரு, கொஞ்சம் தூக்கின மாதிரி இருக்கில்ல? எனக்கு இதெல்லாம் தெரியாது. நீ சமையல்காரி, நீ சொல்லு. ஒண்ணு கெட்டிருந்தாலும் நான் எண்பதையும் திருப்பி அனுப்பிடுவேன். விருந்தாளி வயித்தோட விளையாட முடியாது. உனக்கு இன்னும் ரெண்டு வாரம் தர்றேன், நீயே செஞ்சு குடு."

வாசலில் கெமெல் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். காலிப் பெட்டியைத் தூக்க ஒரு கை, முதுகைப் பிடிக்க ஒரு கை.

ஜூரா ஒரு கரண்டியை எடுத்தாள். மூடியின் நடுவில் தட்டினாள். டிங் என்று தெளிவாக ஒலித்தது. காற்றுப் புகுந்த மூடி அப்படி ஒலிக்காது, மத்தளம் மாதிரி பொத் என்று கேட்கும். இன்னொரு தடவை தட்டினாள். டிங். மூடியில் தெரிந்தது தகரத்தின் மடிப்பு, வேறு ஒன்றுமில்லை.

எல்மிரா காத்துக்கொண்டிருந்தாள்.

'சில்லு' என்ற ஒரே ஒரு சொல். அது ஜூராவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தாள். சொல் வெளியே வருவதற்கு முன்னால் காதுக்குள் கேட்டது, புருலின் குரலில், கண்ணை மூடிக்கொண்டு ஜாடி ஜாடியாகச் சொன்ன அதே குரலில்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஜூரா.

"நிச்சயமா?"

"தட்டிப் பார்த்தேன். ரெண்டு வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது."

"அப்ப சரி. எண்பதும் உன்னோட இருபதும் நூறாச்சு. ரெண்டு ஜாடியை நீயே வெச்சுக்க." எல்மிராவுக்கு நிம்மதி. "அடுத்த வருஷமும் ரெண்டு பேரும் சேர்ந்து பேசி வெச்சுக்கிட்டு வாங்க. உங்களை மாதிரி சிநேகிதம் எங்க ஊர்ல பார்க்க முடியாது."

வீட்டுக்கு வரும் வழியில் கெமெல் ஒன்றும் கேட்கவில்லை. ஏரி முனை திரும்பியபின் மட்டும், "அந்தப் பெரிய பையில ஜிப்பு வேலை செய்யுதா?" என்றான்.

"சோப்பு தேய்ச்சா வேலை செய்யும்" என்றாள் ஜூரா.

பத்தாம் தேதி காலை வேன் வந்தது. ஆறு பேர் கோஷ்டியில் எர்மெக் பெயரை அடித்துவிட்டு வேறு ஒருவனைப் போட்டிருந்தார்கள். ஆனால் எர்மெக் வந்து நின்றான். கெமெலின் பையை எடுத்து வேனில் ஏற்றினான். அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, முகத்தை நிமிர்த்தவில்லை.

"பெரியப்பா, கனமா தூக்காதீங்க."

"செங்கல்லைக் காகிதத்துல செய்யச் சொல்லு, அப்பக் கனமா தூக்கமாட்டேன்" என்றான் கெமெல். எர்மெக்கின் தலையைத் தடவினான். ஜூராவைப் பார்த்து, "முதுகுப் பட்டையை எடுத்து வெச்சுட்டேன். நீ அழுதுக்கிட்டு நிக்காதே, உள்ள போ" என்றான்.

வேன் தூசியோடு திரும்பிப் போனது. ஜூரா உள்ளே போனாள்.

சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு ஜாடி இருந்தது. அடியில் நீலப் பொட்டு. ஜூன் மாதம் புருல் ராஸ்பெரி ஜாம் போட்டுக் கொடுத்தது. பாதி தின்று மீதி இருந்தது. ஜூரா அதை வழித்து வேறு கிண்ணத்தில் போட்டாள். ஜாடியைச் சோடா போட்டுக் கழுவினாள். வெந்நீரில் அலசினாள். துணியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி துடைத்தாள். சர்க்கரை டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தெருக்கோடிக்கு நடந்தாள். புருல் வெளியே வரவில்லை. ஜன்னல் திரை மட்டும் அசைந்தது. ஜிபார்தான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வாங்க பெரியம்மா, டீ போடுறேன்."

"இல்லம்மா. உங்க அத்தை ஜாடி. குடுத்துடு."

ஜிபார் இரண்டு கையாலும் வாங்கினாள். பழக்கத்தில் உள்ளே எட்டிப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். குழப்பமாகச் சிரித்தாள்.

"பெரியம்மா, உள்ள ஒண்ணும் போட மறந்துட்டீங்க."

"மறக்கலம்மா" என்றாள் ஜூரா.